கம்பெனி மாறிய பிறகு வந்து நிற்கும் பழைய பாக்கி: பிரிட்டனில் கரண்ட், கேஸ் பில்லைப் படிப்படியாகச் சரிசெய்வது

"தம்பி, நான் அவையை விட்டுட்டு வந்து ரெண்டு மாசம். இப்ப என்னத்துக்குக் காசு கேக்கினம்?" என்று ஒரு அம்மா போன குளிர்காலத்தில் என்னிடம் கடிதத்தை நீட்டினார். பழைய கம்பெனி 486 பவுண்ட் பாக்கி என்று எழுதியிருந்தது. அவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. புதுக் கம்பெனிக்கு மாதாமாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தார்.

லண்டனில் தெரிந்தவர்களுக்கு இப்படிப்பட்ட கடிதங்களைப் படித்துச் சொல்வதும், போன் செய்வதும் எனக்கு வார இறுதி வேலையாகிவிட்டது. பெரும்பாலும் ஆட்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். கடிதம் வந்ததும் பயந்து முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் கோபத்தில் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, அதற்கு ஒரு வரிசையும் இருக்கிறது. இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

1. போனை எடுக்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

பாக்கிக் கடிதம். பழைய கம்பெனியின் இறுதி பில், எல்லாப் பக்கங்களும் (முதல் பக்கத்தில் தொகை மட்டும்தான் இருக்கும், ரீடிங் உள்ளே இருக்கும்). புதுக் கம்பெனியின் முதல் பில். கடைசி 12 மாத வங்கிக் கணக்கில் பழைய கம்பெனிக்குப் போன டைரக்ட் டெபிட் (வங்கியிலிருந்து தானாக எடுக்கும் பணம்) பதிவுகள். போனில் எப்போதாவது எடுத்த மீட்டர் படங்கள் இருந்தால் அவையும். படம் எடுத்த தேதி போனிலேயே பதிவாகியிருக்கும், அதனால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். நம் வீடுகளில் கணக்கு அப்பா பெயரில் இருக்கும், பேசப் போவது மகள். கணக்குக்காரர் போனில் ஒருமுறை "என் சார்பில் இவர் பேசலாம்" என்று சொல்லாவிட்டால் அவர்கள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அரை மணி நேரம் காத்திருந்து, லைன் கிடைத்தபோது அப்பா கடைக்குப் போயிருந்த கதை எனக்கு நாலைந்து தெரியும். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நம்பரைப் போடுங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பல கம்பெனிகள் போன் வழியாகவே ஏற்பாடு செய்து தருகின்றன.

2. கடிதம் அனுப்பியது யார் என்று பாருங்கள்

பழைய கம்பெனி அனுப்பியிருந்தால் அது இறுதி பில் விவகாரம். புதுக் கம்பெனி அனுப்பியிருந்தால் தொடக்க ரீடிங் தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே அடுத்த படிகளில் வரும்.

கடன் வசூல் நிறுவனம் அனுப்பியிருந்தால் உடனே பணம் கட்ட வேண்டாம். தொகையை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். "இந்தத் தொகை எப்படி வந்தது என்று பில்லும் ரீடிங்கும் அனுப்புங்கள், அதுவரை கணக்கை நிறுத்தி வையுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். அவர்களிடம் பெரும்பாலும் தொகை மட்டும்தான் இருக்கும். விவரம் பழைய கம்பெனியிடம் இருக்கும், அதனால் அங்கேயும் அன்றே தகவல் சொல்லுங்கள்.

கேள்விப்பட்டே இராத கம்பெனி என்றால் இரண்டில் ஒன்று. ஒன்று மோசடி. கடிதத்திலோ குறுஞ்செய்தியிலோ இருக்கும் நம்பரை விட்டுவிட்டு, அந்தக் கம்பெனியின் நம்பரை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிடுங்கள். மற்றொன்று, உங்களைக் கேட்காமலே கணக்கு மாற்றப்பட்டிருப்பது. அடுத்த வீட்டுக்காரர் மாறும்போது கதவு எண்ணில் நடந்த குழப்பத்தால் உங்கள் மீட்டர் அந்தக் கம்பெனிக்குப் போய்விடும். "தவறான மாற்றம்" என்று சொல்லிப் பழைய கம்பெனியிடம் முறையிட்டால் அவர்கள் உங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு கணக்கைச் சரிசெய்ய வேண்டும்.

3. மீட்டர் அலமாரியைத் திறங்கள்

காகிதங்களோடு மல்லுக்கட்டுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள். கணக்கு எங்கே தப்பினாலும் மீட்டரில் ஓடிய எண் அங்கேயே இருக்கும். இன்றைய ரீடிங்கையும் மீட்டரின் வரிசை எண்ணையும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். மின்சாரத்துக்கும் கேஸுக்கும் தனித்தனிப் படம். கறுப்பு எண்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பில் இருப்பதும் புள்ளிக்குப் பின்னால் வருவதும் வேண்டாம். ஒருவர் சிவப்பு எண்ணையும் சேர்த்துக் கொடுத்து, ரீடிங்கைப் பத்து மடங்காக்கிய கதையும் உண்டு.

இப்போது படத்தில் உள்ள வரிசை எண்ணைப் பில்லில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பிளாட்டில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது. ஒரே அலமாரியில் ஆறு மீட்டர் இருக்கும், எதிர் வீட்டு மீட்டருக்கு நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள். சந்தேகமாக இருந்தால் உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை இரண்டு நிமிடம் அணைத்துவிட்டு, உங்களுடையது என்று சொல்லப்படும் மீட்டரைப் பாருங்கள். மீட்டரில் உள்ள சின்ன விளக்கு தொடர்ந்து மினுக்கினால் அது உங்கள் வீட்டுடையது அல்ல.

பகல், இரவு என்று இரண்டு ரீடிங் ஓடும் எகானமி 7 மீட்டர் என்றால் இன்னொரு சோதனை. மதியம் கெட்டிலைப் போட்டுவிட்டு எந்த வரிசை நகர்கிறது என்று பாருங்கள். அது பகல் வரிசை. பில்லில் இரவு என்று அதைப் போட்டிருந்தால் உங்கள் கணக்கு தலைகீழாகப் போயிருக்கிறது. கம்பெனி மாறும்போது இந்த இரண்டும் இடம் மாறிவிடுவது சாதாரணம்.

4. மாறிய நாளின் எண்: எல்லாம் இதில்தான் இருக்கிறது

பழைய கம்பெனியின் கடைசி ரீடிங்கும் புதுக் கம்பெனியின் முதல் ரீடிங்கும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த எண்ணை வட்டமிடுங்கள்.

நீங்கள் கொடுத்த எண்ணே அங்கே இருக்கும் என்று நினைக்காதீர்கள். மாறும் நாளில் நீங்கள் புதுக் கம்பெனிக்குக் கொடுக்கும் ரீடிங், பழைய பயன்பாட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படும். பொருந்தவில்லை என்றால் அதை ஒதுக்கிவிட்டு ஒரு மதிப்பீட்டைப் போடுவார்கள். நீங்கள் கொடுக்கவே இல்லை என்றாலும் மதிப்பீடுதான். அந்த எண்தான் இரண்டு கம்பெனிக்கும் போகும்.

மூன்று நிலைமைகள் வரலாம்.

எண்கள் வேறு வேறாக இருக்கின்றன. பழைய கம்பெனி 48,210-இல் முடித்திருக்கிறது, புதுக் கம்பெனி 47,650-இல் தொடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் உள்ள 560 யூனிட்டுக்கு இரண்டு பேரும் பணம் கேட்கிறார்கள். யூனிட் 27 பென்ஸ் என்றால் 151 பவுண்ட். இது தெளிவான பிழை, திருப்பி வாங்க வேண்டிய பணம்.

எண்கள் ஒன்றாகவே இருக்கின்றன, ஆனால் உண்மையைவிட அதிகம். உங்கள் போன் படத்தில் 47,650, இரண்டு பில்லிலும் 48,210. இங்கேதான் எல்லோரும் கொதிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பழைய கம்பெனி 560 யூனிட் கூடுதலாக வாங்கிவிட்டது, சரி. ஆனால் புதுக் கம்பெனி 48,210-இலிருந்துதான் எண்ணத் தொடங்கும், அதனால் அதே 560 யூனிட்டை அது உங்களிடம் கேட்காது. உங்களுக்கு நஷ்டம் விலை வித்தியாசம் மட்டும்தான். பழையது 27 பென்ஸ், புதியது 24 பென்ஸ் என்றால் 16 பவுண்ட் 80 பென்ஸ். இதற்காக மூன்று மாதம் அலைவதா என்பது உங்கள் விருப்பம். நான் என்றால் விட்டுவிடுவேன். ஆயிரக்கணக்கான யூனிட் என்றால் விட மாட்டேன்.

எண்கள் ஒன்றாக இருக்கின்றன, ஆனால் உண்மையைவிடக் குறைவு. இதில் பழைய கம்பெனி நல்லவன் போலத் தெரியும், புதுக் கம்பெனியின் முதல் பில் ஆகாயத்துக்குப் போகும். பழைய கம்பெனியின் காலத்தில் எரித்த யூனிட்டுக்குப் புதுக் கம்பெனியின் பில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கணக்கைப் போட்டுப் பார்த்து, விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும் திருத்தச் சொல்லுங்கள். புதுக் கம்பெனியின் விலை குறைவு என்றால் உங்களுக்கு லாபம்கூட இருக்கலாம்.

எண்ணைத் திருத்த வேண்டும் என்று முடிவு செய்தால் முதலில் பேச வேண்டியது புதுக் கம்பெனியிடம். தொடக்க ரீடிங்கை ஏற்க முடியாது என்று சொல்லி, தேதியுள்ள படத்தையும் இன்றைய படத்தையும் அனுப்புங்கள். அவர்கள் பழைய கம்பெனியோடு பேசிப் புது எண்ணை ஒப்புக்கொள்வார்கள். பழைய கம்பெனி தனியாக மாற்ற முடியாது, அதனால் அங்கே கத்தி லாபமில்லை. ஆனால் "ரீடிங் சச்சரவில் இருக்கிறது, வசூலை நிறுத்தி வையுங்கள்" என்று அங்கேயும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

5. ரீடிங் சரி, ஆனாலும் பாக்கி

அந்த 486 பவுண்ட் அம்மாவின் கதை இதுதான். எண்கள் பொருந்தின. பிறகு எங்கிருந்து வந்தது பணம்?

அவர் ஒன்றரை வருடமாக ரீடிங் கொடுக்கவில்லை. பழைய கம்பெனி மதிப்பீட்டில் பில் போட்டு, குறைந்த டைரக்ட் டெபிட்டை எடுத்துக்கொண்டிருந்தது. மாறும்போதுதான் உண்மையான ரீடிங் போனது, மறைந்திருந்த யூனிட் எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தது. "கடன் இருந்தால் மாறவே விட்டிருக்க மாட்டார்களே" என்று கேட்பார்கள். பில் போட்டு 28 நாளுக்கு மேல் கட்டாமல் இருக்கும் கடனுக்குத்தான் பழைய கம்பெனி மாற்றத்தைத் தடுக்கலாம். இறுதி பில் மாறிய பிறகு வருவது, அதனால் தடுக்க எதுவும் இருந்திருக்காது.

மற்ற இடங்களையும் ஒரு பார்வை பாருங்கள். வங்கியில் போன டைரக்ட் டெபிட் எல்லாம் பில்லில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா? நிலையான விலை ஒப்பந்தம் முடிவதற்கு முன் விலகியதற்கு அபராதம் போட்டிருக்கிறார்களா? ஒப்பந்தம் முடிய 49 நாள் அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்போது விலகினால் அந்த அபராதம் கேட்கக் கூடாது. தினசரி நிலைக் கட்டணம் (எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாளுக்கு நாள் போடும் கட்டணம்) கம்பெனி மாறிய தேதிக்குப் பிறகும் ஓடியிருக்கிறதா?

கேஸ் பில்லில் ஒரு தனிப் பிழை உண்டு. மீட்டர் கன மீட்டரில் அளக்கிறதா, கன அடியிலா என்று அதன் முகப்பிலேயே எழுதியிருக்கும். பழைய வீடுகளில் கன அடி மீட்டர்கள் இன்னும் இருக்கின்றன. கன மீட்டர் என்றால் ஒரு எண் நகர்ந்தால் ஏறத்தாழ 11.2 கிலோவாட் மணி. 100 எண்ணுக்கு 1,120. அதையே கன அடி மீட்டர் என்று கணினியில் பதிந்திருந்தால் 2.83 மடங்காகி 3,170 ஆகிவிடும். கேஸ் பில் நம்ப முடியாத அளவுக்கு இருந்தால், முக்கியமாக ஏறத்தாழ மூன்று மடங்கு என்றால், முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

6. 12 மாத விதி

2018 முதல் வீட்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஏற்கெனவே பில் போடாத பயன்பாட்டுக்கு, பில் தேதியிலிருந்து 12 மாதத்துக்கு மேல் பின்னால் போய்ப் பணம் கேட்கக் கூடாது. பழைய கம்பெனியின் இறுதி பில்லுக்கும் இது பொருந்தும். மீட்டரைப் பார்க்க விடாமல் தடுத்தது, கரண்ட் திருடியது மாதிரி வாடிக்கையாளர் வேண்டுமென்றே செய்த காரியம் இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ஒரு உதாரணம். கடைசி உண்மையான ரீடிங் 2023 டிசம்பர் தொடக்கத்தில். இறுதி பில் 2025 மார்ச் தொடக்கத்தில். இடையில் 15 மாதம், மதிப்பீட்டில் விட்டுப்போனது 3,000 யூனிட். இதில் 2024 மார்ச்சுக்கு முந்தைய மூன்று மாதத்துக்கான பங்கு தள்ளுபடி ஆக வேண்டும். நேராக வகுத்தால் 600 யூனிட். ஆனால் அந்த மூன்று மாதமும் கடும் குளிர்காலம், ஹீட்டிங் ஓடிய கேஸ் என்றால் உண்மையான பங்கு அதைவிட அதிகம். அதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

இங்கே நடக்கும் தவறு: ஏற்கெனவே பில் வந்து கட்டாமல் விட்ட பழைய பாக்கிக்கும் இந்த விதி உதவும் என்று நினைப்பது. உதவாது. புதிதாகக் கண்டுபிடித்துக் கேட்கும் பணத்துக்கு மட்டும்தான்.

அம்மாவின் பில்லில் இந்த விதியால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மீதி உண்மையிலேயே அவர் எரித்தது.

7. புகார் என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்

இதுவரை சேர்த்ததை ஒரு மின்னஞ்சலில் போடுங்கள். போனில் சொன்னால் அடுத்த முறை வேறொருவர் எடுத்து முதலிலிருந்து கேட்பார். கணக்கு எண், மாறிய தேதி, பில்லில் உள்ள ரீடிங், உங்களிடம் உள்ள ரீடிங், படங்கள், எந்தத் தொகையை ஏற்கவில்லை, என்ன செய்ய வேண்டும். ஒரு பக்கம் போதும். ஐந்து பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

"இது ஒரு முறையான புகார்" என்று, அதாவது கம்ப்ளெயிண்ட் என்ற சொல்லையே போட்டு எழுதுங்கள். வெறும் விசாரணை என்று பதிந்துவிட்டால் பின்னால் வரும் எட்டு வாரக் கணக்கில் இழுபறி வரும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

தகராறு இல்லாத பகுதியை அப்போதே கட்டிவிடுங்கள். 486-இல் 320 நியாயம் என்று தெரிந்தால் அந்த 320-க்கு வழி செய்துவிட்டு மீதியைப் பற்றிப் பேசுங்கள். தட்டிக்கழிக்கும் ஆள் என்ற பெயர் வராது. சச்சரவு முடியும் வரை கடன் வரலாற்றில் (கிரெடிட் ரிப்போர்ட்) எதையும் பதிய வேண்டாம் என்றும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.

தவறான தொகையை டைரக்ட் டெபிட்டில் எடுத்துவிட்டார்களா? டைரக்ட் டெபிட் உத்தரவாதத்தின்படி வங்கியிடம் திருப்பிக் கேட்கலாம். ஆனால் தொகை தவறு என்று உறுதியாகத் தெரிந்த பிறகு மட்டும். நியாயமான பில் என்றால் அந்தப் பணம் மறுபடி கடனாக வந்து நிற்கும்.

இரண்டு காலக்கெடுவையும் பார்த்துவிடுங்கள். இறுதி பில் மாறிய ஆறு வாரத்துக்குள் வர வேண்டும். உங்கள் கணக்கில் மீதிப் பணம் இருந்தால் இறுதி பில் வந்த 10 வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தவறினால் இழப்பீடு உண்டு. 30 பவுண்டாக இருந்தது 2025-இல் 40 ஆனது. தானாக வர வேண்டிய பணம்தான், வராவிட்டால் கேளுங்கள்.

8. கட்ட வேண்டியதுதான் என்று தெரிந்தால்

முதலில் ஒரு நிம்மதி: பழைய கம்பெனி உங்கள் இணைப்பைத் துண்டிக்க முடியாது, ப்ரீபேமெண்ட் மீட்டர் (முன்பணம் போட்டால்தான் ஓடும் மீட்டர்) வைக்கவும் முடியாது. அவர்கள் இப்போது உங்கள் சப்ளையரே இல்லை. ஆனால் வசூல் நிறுவனத்துக்கு அனுப்பலாம், நீதிமன்றம் போகலாம், கடன் வரலாற்றில் பதியலாம். அந்தப் பதிவு ஆறு வருடம் இருக்கும். அதனால் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் போட்டுவைப்பது சரிவராது.

தவணை கேளுங்கள். அவர்கள் சொல்லும் தொகைக்குத் தலையாட்டுவதற்கு முன் வரவு செலவை எழுதிப் பாருங்கள்: வாடகை, கவுன்சில் வரி, சாப்பாடு, பஸ், ஊருக்கு அனுப்பும் பணம் உட்பட. மாதம் 15 பவுண்ட்தான் முடியும் என்றால் 15 என்று சொல்லுங்கள். உங்களால் எவ்வளவு முடியும் என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் தவணை போட வேண்டும். வெட்கத்தில் 60 என்று ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதம் தவறுவதுதான் நான் அடிக்கடி பார்ப்பது. தவறினால் மறுபடி பேசுவது இன்னும் கஷ்டம்.

இது மட்டுமல்ல, வேறு கடன்களும் கழுத்தை நெரிக்கிறது என்றால் ஆலோசனை சொல்லும் அமைப்புகளான சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன் மூன்றும் இலவசம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடன் ஆலோசகர் வழியாக 'பிரீதிங் ஸ்பேஸ்' கேட்டால் 60 நாளுக்கு வசூல் நடவடிக்கையும் வட்டியும் நிற்கும். ஸ்காட்லாந்தில் இதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது.

9. எட்டு வாரம் ஆனதும்

புகார் கொடுத்து எட்டு வாரத்தில் தீராவிட்டாலோ, "இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது" என்று அவர்கள் முன்னதாகவே எழுத்தில் சொல்லிவிட்டாலோ, கம்பெனிகள் மீதான புகார்களை நடுநிலையாகத் தீர்க்கும் எனர்ஜி ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை. தீர்ப்பை நீங்கள் ஏற்றால் கம்பெனி கட்டுப்பட்டே ஆக வேண்டும். ஆஃப்ஜெம் ஒழுங்குமுறை அமைப்பு, தனிப்பட்ட வழக்குகளை எடுக்காது. அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்து நேரத்தை விடாதீர்கள்.

கம்பெனி விவரம் தர மறுத்தால் உங்கள் தனிப்பட்ட தரவு முழுவதையும் கேட்கும் உரிமை இருக்கிறது. போன் பதிவு, அவர்கள் எழுதிவைத்த குறிப்புகள், ரீடிங் பட்டியல் எல்லாம் அதில் வரும். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். இதை எட்டு வாரம் முடியும் வரை தள்ளிப்போடாமல் இரண்டாவது வாரத்திலேயே கேட்டுவிட்டால், ஒம்பட்ஸ்மனிடம் போகும்போது கையில் இருக்கும்.

10. கணக்கு முடிந்ததும்

பாக்கி பூஜ்யம் என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடன் வரலாற்றைத் திறந்து, அந்தக் கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

டைரக்ட் டெபிட்டை நிறுத்துவதில் அவசரம் வேண்டாம். 2019-இல் நான் கம்பெனி மாறிய அன்று மாலையே வங்கிச் செயலியில் அதை ரத்து செய்தேன், ஏதோ சாமர்த்தியம் என்று நினைத்து. 74 பவுண்ட் இறுதி பில் கட்டப்படாமல் திரும்பியது. இடையில் வீடும் மாறியிருந்தேன், கடிதங்கள் பழைய முகவரிக்குப் போயின. ஒன்பது மாதம் கழித்து வசூல் நிறுவனம் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது. பூஜ்யம் என்ற கடிதம் கையில் வந்து, வர வேண்டிய மீதிப் பணமும் வந்த பிறகு ரத்து செய்யுங்கள்.